முட்டி வலி போச்சு, பாத எலும்பு விரிசல் விட்டது: மெல்லிய ஷூவுக்கு மாறிய ஓட்டக்காரர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

காலடிப்பேட்டையில் வசிக்கும் 39 வயது ஆண். மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. உயரம் 171 செ.மீ., எடை 74 கிலோ. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, புகைப் பழக்கமும் கிடையாது. நான்கு வருடமாக ஓடுகிறார். வலது பாதத்தின் மேற்புறம் வலி, வீக்கம் என்று அக்டோபர் கடைசியில் எங்கள் பிசியோதெரபி கிளினிக்குக்கு நொண்டிக்கொண்டு வந்தார். ஒரு கையில் எக்ஸ்ரே கவர். அதனுள் இருந்த ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று இருந்தது. இன்னொரு கையில் துணிப்பை, அதில் இரண்டு ஜோடி ஷூ. ஷூவை எடுத்து வரச் சொன்னது நாங்கள்தான். ஓடுகிறவர் யார் அப்பாயின்ட்மென்ட் கேட்டாலும் போனிலேயே அதைச் சொல்லிவிடுவோம். எக்ஸ்ரே சொல்லாததைப் பல நேரம் ஷூவின் அடிப்பாகம் சொல்லிவிடும்.

அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அரிய கேஸ் ஒன்றும் இல்லை இது. ஆனால் ஒரு வலி தீர்ந்த சந்தோஷத்துக்கு உள்ளேயே அடுத்த வலி எப்படி வளர்ந்தது என்பதை வாரம் வாரமாகப் பார்க்க முடிந்தது. மனிதர் தன் ஓட்டக் கணக்கைக் கைக்கடிகாரத்திலும் போனிலும் ஒரு நாள் விடாமல் பதிந்து வைத்திருந்தார்.

ஷூ மாற்றியதற்கு முந்தைய கதை

ஓடும் இடம் எண்ணூர் விரைவுச் சாலை. கடலோரம் கொட்டியிருக்கும் கருங்கல் ஒரு பக்கம், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் மறுபக்கம். விடிவதற்கு முன் கிளம்பினால்தான் அங்கே ஓட முடியும். வார நாட்களில் 5, 6 கி.மீ., ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் 21.1 கி.மீ. பிரிவுக்குப் பணம் கட்டியிருந்தார்.

ஜூலையில் வலது முட்டி தொந்தரவு கொடுக்க ஆரம்பித்தது. முட்டிச்சில்லைச் சுற்றி வலி, படி இறங்கும்போது அதிகம், உட்கார்ந்து எழுந்தால் பிடித்துக்கொள்ளும். ஓட்டக்காரர்களிடம் தினமும் பார்க்கிற முட்டி வலிதான். அப்போது அவர் போட்டது கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ரன்னிங் ஷூ. குதிகாலில் தடித்த நுரை, டிராப் 10 மி.மீ. டிராப் என்பது குதிகால் நிற்கும் உயரத்துக்கும் முன்பாதம் நிற்கும் உயரத்துக்கும் உள்ள வித்தியாசம். அந்தப் பழைய ஜோடியைத் திருப்பிப் பார்த்தால் குதிகாலின் வெளி ஓரம் மழுங்கி உள்நுரையே தெரிந்தது. முன்பக்கம் அச்சுகூட அழியவில்லை. காலை முன்னால் நீட்டிப் போட்டு, குதிகாலில் தரையை இடித்து ஓடியிருக்கிறார்.

கூட ஓடுகிற நண்பர் ஒருவர் மெல்லிய ஷூவுக்கு மாறச் சொன்னார். ஆகஸ்ட் கடைசியில் ஆன்லைனில் வாங்கினார். விரல் பக்கம் நல்ல அகலம், டிராப் பூஜ்யம், அடிப்பாகம் மொத்தம் 8 மி.மீ-க்குள், எடை 200 கிராமுக்கும் குறைவு. சப்பாத்தி போலச் சுருட்டிப் பையில் வைக்கலாம்.

வாங்கியதற்கு அவர் சொன்ன நியாயம் இரண்டு. முதலாவது, "நான் காசிமேட்டுல பொறந்து வளர்ந்தவன் சார். பத்தாவது படிக்கிற வரைக்கும் செருப்பே கெடையாது. மணல்ல, கல்லுல எல்லாம் வெறுங்கால்தான்." இரண்டாவது, அபேபே பிகிலா. 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை எத்தியோப்பியாவின் பிகிலா வெறுங்காலோடு ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் ஜெயித்தது ஓடுகிற எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே பிகிலா 1964-ல் டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு ஓடி, முன்னைவிட மூன்று நிமிடம் சீக்கிரமாக ஓட்டத்தை முடித்து இரண்டாவது தங்கம் வாங்கினார். அதை மட்டும் ஏனோ யாரும் சொல்வதில்லை.

காசிமேட்டு நியாயத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. சிறு வயதில் வெறுங்காலோடு திரிந்தவர்களின் பாதம் முன்பக்கம் அகலமாக, விரல்கள் விரிந்து இருக்கும். இவருக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் 22 வயதில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தினமும் எட்டு மணி நேரம் இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ. அதனுள் விரல் மடங்காது, வளைவு வேலை செய்யாது. பதினேழு வருடம் அப்படிக் கிடந்த பாதத்துக்குப் பழைய மணலின் ஞாபகம் எலும்பு வரைக்கும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மேலும், மணலில் வலை இழுத்துக்கொண்டு நடப்பதும் கான்கிரீட்டில் நிமிடத்துக்கு 160 அடி வைத்து ஓடுவதும் ஒன்றல்ல.

மெல்லிய ஷூ பற்றி, தேவையான அளவுக்கு

இந்த ஷூக்களின் அலை 2000-களின் பிற்பகுதியில் எழுந்தது. ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை வைத்த வைப்ரம் ஃபைவ் ஃபிங்கர்ஸ்தான் அதில் எல்லோருக்கும் நினைவிருப்பது. 2010-ல் ஹார்வர்டின் டேனியல் லீபர்மனும் அவர் குழுவினரும் 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தால் தரையைத் தொடுகிறார்கள். குதிகாலால் இடிக்கும்போது வருகிற அந்த முதல் திடீர் அதிர்ச்சி அவர்களுக்கு அநேகமாக இல்லை என்பதுதான் அதன் சாரம். வெறுங்கால் ஓட்டத்தில் காயம் குறையும் என்று அந்தக் கட்டுரை நிரூபிக்கவில்லை. படித்தவர்கள் அப்படி எடுத்துக்கொண்டார்கள். 2014-ல் அமெரிக்காவில், பாதத்துக்கு நன்மை என்ற விளம்பரத்துக்கு ஆதாரமில்லை என்று தொடர்ந்த வழக்கை வைப்ரம், தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல், 37.5 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. அலையும் அதற்குள் வடிந்துவிட்டிருந்தது. ஷூ மட்டும் கடையை விட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம்.

இந்தக் கேஸுக்கு நேரடியாகப் பொருந்துவது 2013-ல் ரிட்ஜ் குழுவினர் செய்த ஆய்வு. பழக்கப்பட்ட ஓட்டக்காரர்கள் 36 பேர். ஒரு பகுதியினர் 10 வாரத்தில் படிப்படியாக மெல்லிய ஷூவுக்கு மாறினார்கள். மற்றவர்கள் பழைய ஷூவிலேயே ஓடினார்கள். முன்னும் பின்னும் எல்லோருக்கும் பாதத்தில் எம்.ஆர்.ஐ. மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்புக்குள் நீர்க்கோப்பு கூடியிருந்தது. அதாவது எலும்பு தாங்க முடியாமல் தவிக்கத் தொடங்கியதன் அடையாளம். பத்து வாரம் எடுத்துக்கொண்டவர்களுக்கே அந்த நிலை. நம்மவர் எடுத்துக்கொண்டது மூன்று வாரம்.

கைக்கடிகாரம் சொன்ன கதை

முதல் வாரம் மூன்று கி.மீ. வீதம் மூன்று ஓட்டம். கெண்டைக்கால் சதை இரண்டும் கல்லாகிவிட்டன. மாடிப்படியைக் கைப்பிடி பிடித்துப் பக்கவாட்டில்தான் இறங்கினாராம். இரண்டாம் வாரம் அந்த வலி பாதியாகி, மூன்றாம் வாரம் போயே போய்விட்டது. "பழகிடுச்சு" என்று முடிவு செய்தார். மூன்றாம் வாரம் 24 கி.மீ., நான்காம் வாரம் 33.

ஐந்தாம் வாரம்தான் முக்கியம். முட்டி வலி அறவே இல்லை. படி இறங்கினால் இல்லை, உட்கார்ந்து எழுந்தால் இல்லை. அந்த உற்சாகத்தில் 10 கி.மீ-ஐ 56 நிமிடத்தில் முடித்தார்; அதுவரை அவர் ஓடியதிலேயே அதுதான் வேகம். அந்த வாரம் ராத்திரி ராத்திரி மழை. வழக்கமாகச் சாலையோர மண்ணில் ஓடுகிறவர், அங்கே தண்ணீர் தேங்கியதால் கான்கிரீட் மேல் ஏறினார். வேகம், தூரம், தரை, ஷூ: நான்கும் ஒரே மாதத்தில் மாறின.

ஆறாம் வாரம் 42 கி.மீ., அதில் ஞாயிறு ஒரே மூச்சில் 16. அன்று சாயங்காலம் பாதத்தின் மேல் மந்தமாக ஒரு வலி. காலையில் இல்லை. ஷூ கயிறு இறுக்கம் என்று நினைத்துத் தளர்த்திக் கட்டினார். இரண்டு நாள் கழித்து ஓடும்போதே வலித்தது. அம்மா சுளுக்கு என்றார். தெருக்கோடியில் சுளுக்கு எடுக்கும் பெரியவரிடம் போய் நல்லெண்ணெய் விட்டு நீவிக்கொண்டார். நிஜமான சுளுக்கில் அவர்களில் பலருடைய கை நல்ல கைதான்; எங்களிடம் வருகிறவர்களே சொல்வார்கள். ஆனால் விரிசல் கண்ட எலும்பின் மேல் கட்டைவிரலை அழுத்தி இழுத்தால் என்ன ஆகும்? அன்றைக்கு ராத்திரி தூக்கமில்லை.

ஏழாம் வாரம் ஒரு நாள் தள்ளி, வலி மாத்திரை போட்டுக்கொண்டு 12 கி.மீ. கிளம்பினார். ஏழாவது கி.மீ-ல் "டக்குனு ஒன்னு ஆச்சு சார், அப்புறம் கால ஊனவே முடியல". திருவொற்றியூர் தேரடியிலிருந்து ஆட்டோவில் வீட்டுக்கு. மறுநாள் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை.

பரிசோதனை

பாதத்தின் மேற்புறம் லேசான வீக்கம், நரம்புக்கோடுகள் மறைந்திருந்தன. சிவப்பு இல்லை, சூடு கொஞ்சம். விரல்களை மேலே தூக்கச் சொன்னால் தூக்கினார். அதைக் கையால் எதிர்த்தபோதும் வலி பெரிதாகக் கூடவில்லை. அதனால் தசைநார் அழற்சி பின்னுக்குப் போனது. மூன்றாவது, நான்காவது விரலுக்கு நடுவில் எரிச்சலோ மரத்துப்போவதோ இல்லை, நரம்பு அழுந்தவில்லை.

அடுத்து, விரல்களுக்குப் பின்னால் பாதத்தில் நீளும் ஐந்து பாத எலும்புகளையும், கட்டைவிரல் பக்கமிருந்து ஒவ்வொன்றாக, விரல் நுனியால் தொட்டுக்கொண்டே போனேன். முதல் எலும்பு, ஒன்றுமில்லை. இரண்டாவதில் அடியிலிருந்து மேலே வரும்போது நடுப்பகுதி தாண்டியதும், ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில், காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஒரு விரற்கடை தள்ளித் தொட்டால் வலி இல்லை. மீண்டும் அதே இடம், மீண்டும் அதே இழுப்பு. இப்படி எலும்பின் மேலேயே குறிப்பிட்ட ஒரு புள்ளியில் வலி நின்றால், எக்ஸ்ரே என்ன சொன்னாலும் விரிசல் என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லும் சோதனையைச் செய்யவில்லை. அவர் முகம் போன போக்கே போதுமாக இருந்தது.

வீக்கம் வடிந்த பிறகு பார்த்த இரண்டு விஷயங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குதிகாலைத் தரையில் ஊன்றி முட்டியைச் சுவரில் தொடும் சோதனையில் இடது கால் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளியிருந்தும் தொட்டது, வலது காலுக்கு 7 செ.மீ. தான். அதாவது வலது கெண்டைக்கால் இறுக்கம். கெண்டைக்கால் விட்டுக்கொடுக்காவிட்டால் குதிகால் சீக்கிரமே தரையை விட்டு எழும். முன்பாதம் கூடுதல் நேரம் சுமக்கும்.

இரண்டாவது விஷயம் அவர் போனில் இருந்தது. ஐந்தாம் வாரம் நண்பர் பின்னாலிருந்து எடுத்த வீடியோ. அதை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், வலது குதிகால் தரையைத் தொடவே இல்லை. 'முன்பாதத்தால் தரையைத் தொடு' என்று கேட்டதை அவர் 'முன்பாதத்திலேயே நில்' என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். புது ஷூவின் அடிப்பாகமும் அதற்குச் சாட்சி: இரண்டாவது விரலுக்குக் கீழே ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்க, குதிகால் பக்கம் கடையில் இருந்தபடியே இருந்தது. முன்பாதம் முதலில் பட்டு, அடுத்த கணமே குதிகாலும் மெல்லத் தரையில் பட வேண்டும். அந்தத் தொடுகை இல்லாவிட்டால் கெண்டைக்காலுக்கும் முன்பாத எலும்புகளுக்கும் ஓய்வே கிடைக்காது.

எலும்பு மருத்துவரிடம் அனுப்பினோம். எம்.ஆர்.ஐ-யில் இரண்டாவது பாத எலும்பின் தண்டில் நீர்க்கோப்பும் நடுவில் மெல்லிய முறிவுக் கோடும் தெரிந்தன. எலும்பு இடம் விலகவில்லை. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 14; 20-க்குக் கீழே போனாலே குறைபாடு. நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்குகிறவர், ஓடுவதும் இருட்டில். வெயில் கொளுத்தும் ஊரில் இருந்துகொண்டு வெயிலே படாத வாழ்க்கை.

ஏன் அந்த எலும்பு, ஏன் அந்த வாரம்

1855-லேயே பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், நீண்ட தூரம் அணிவகுத்து நடந்த வீரர்களின் பாதத்தில் வலியும் வீக்கமும் வருவதைப் பதிவு செய்தார். எக்ஸ்ரே வந்தது 1895-ல். அதன் பிறகுதான் உள்ளே முறிவு என்பது தெரிந்தது. அடிபடாமல், விழாமல், திரும்பத் திரும்ப வரும் சிறு பாரத்தாலேயே எலும்பு விரிசல் விடுவது புது நோய் இல்லை. மெல்லிய ஷூவுக்கு முன்பும் வந்தது, தடித்த ஷூவிலும் வருகிறது.

இரண்டாவது பாத எலும்பு பெரும்பாலும் ஐந்திலும் நீளமானது. அதன் அடிப்பகுதி பக்கத்து எலும்புகளுக்கு நடுவில் ஆப்பு அடித்ததுபோல் பொருந்தியிருக்கும். மற்றவை கொஞ்சம் அசைந்து கொடுக்கும், இது கொடுக்காது. முன்பாதத்தில் பாரம் ஏறும்போது வளையும் விசையை இதுதான் வாங்கிக்கொள்கிறது.

எவ்வளவு பாரம்? ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் தரை திருப்பித் தருவது உடல் எடையில் இரண்டு, இரண்டரை மடங்கு. இவர் வேகத்தில் ஒரு கி.மீ-க்கு ஆயிரத்துக்குக் கொஞ்சம் அதிகமான அடிகள். 42 கி.மீ. ஓடிய வாரத்தில் வலது கால் மட்டும் இருபதாயிரம் தடவைக்கு மேல் அந்தப் பாரத்தை வாங்கியிருக்கிறது.

ஷூவை மாற்றியதால் அந்தப் பாரம் குறையவில்லை, இடம் மாறியது. குதிகாலில் இடித்து ஓடியபோது முட்டி அதிகம் உழைத்தது. முன்பாதத்துக்கு மாறியதும் அந்த வேலை கணுக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் பாத எலும்புக்கும் போனது. முட்டி வலி போனது உண்மை, ஷூவால் போனது என்பதும் உண்மை. முட்டி இறக்கி வைத்த சுமையை யாரோ தூக்கித்தானே ஆக வேண்டும்!

இனி காலக் கணக்கு. சதை இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். வலித்துச் சொல்லி, வலி நின்று பழகியதையும் சொல்லும். எலும்பு அப்படிச் சொல்லாது. கூடுதல் பாரம் வந்ததும் எலும்பு முதலில் பழைய இடத்தை அரித்து எடுக்கும், அதற்குச் சில வாரம். பிறகுதான் புது எலும்பு வைத்துக் கட்டும், அதற்குச் சுமார் மூன்று மாதம். இடைப்பட்ட நாட்களில் எலும்பு முன்பிருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். கெண்டைக்கால் வலி நின்று, முட்டி வலி ஓடிப்போய், உடம்பு காற்றாகப் பறந்த அந்த ஐந்தாம் ஆறாம் வாரத்தில்தான் அவருடைய எலும்பு அப்படி இருந்திருக்கிறது. அவருக்குத் தெரிய வழியே இல்லை. வைட்டமின் டி குறைவும் பகல் தூக்கமும் கட்டுகிற வேலையை இன்னும் மெதுவாக்கியிருக்கும். எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியாது.

ஷூவையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. இதே ஷூவை முதல் மாதம் வீட்டிலும் கடைத்தெருவுக்கும் மட்டும் போட்டு, பிறகு வார ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கை அதில் ஓடி, வேகத்தைத் தொடாமல், நான்கைந்து மாதம் இழுத்திருந்தால் அவர் எங்கள் கிளினிக்குக்கு வந்திருக்க வேண்டிய அவசியம் அநேகமாக இருந்திருக்காது. முட்டி வலிக்கு ஷூவைத் தொடாமலேயே வழியும் இருந்தது. காலை நீட்டிப் போடாமல், நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டினாலே முட்டியின் பாரம் குறையும். அதற்குக் காசு செலவில்லை. அதனாலோ என்னவோ யாருக்கும் அதில் ஆர்வமில்லை.

சிகிச்சையும் திரும்பி வந்த விதமும்

நான்கு வாரம் வாக்கிங் பூட், பிறகு இரண்டு வாரம் வளையாத அடிப்பாகம் கொண்ட ஷூ. வாரம் ஒரு முறை 60,000 யூனிட் வைட்டமின் டி. வலி மாத்திரை போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது என்பதில் மருத்துவர் கண்டிப்பாக இருந்தார். மூன்று வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில், முதலில் ஒன்றுமே தெரியாத அதே இடத்தில் வெள்ளையாகப் புது எலும்பு திரண்டிருந்தது. முன்னது 'நார்மல்' என்று வந்த கோபம் அவருக்கு அப்போதுதான் தணிந்தது. ஆரம்ப நாட்களில் எக்ஸ்ரே இப்படித்தான் ஏமாற்றும் என்று நாங்கள் சொன்னதை அதுவரை அவர் நம்பவில்லை.

பூட் இருந்தபோது ஜிம் சைக்கிள், பெடலில் குதிகாலை வைத்து. வலி அடங்கியதும் பாதத்துக்குப் பயிற்சி: விரலை மடக்காமல் பாத வளைவை மட்டும் உயர்த்துவது, தரையில் போட்ட துண்டை விரலால் இழுப்பது, கெண்டைக்கால் நீட்டல். அப்புறம் ஒற்றைக் காலில் குதிகால் தூக்குவது. இதில்தான் அதிக நேரம் போனது. ஆரம்பத்தில் இடது காலில் 19, வலதில் 14. இரண்டிலும் 25 வந்தால்தான் ஓட்டம் என்று சொல்லியிருந்தோம். வேலையிடத்தில் டீ நேரத்தில் மெஷின் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு செய்தாராம். சக ஊழியர்கள் கிண்டல் செய்து, பிறகு அவர்களில் இருவர் கூடச் சேர்ந்துகொண்டார்களாம்.

ஜனவரிப் போட்டி போனது. எலும்பைவிடக் கட்டிய பணத்துக்குத்தான் அதிகம் வருத்தப்பட்டார்.

அரை மணி நடந்தாலும் வலி இல்லை, அந்தக் காசு அளவு இடத்தை அழுத்தினாலும் இல்லை, 25-ம் வந்துவிட்டது என்ற நிலையில் ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆரம்பித்தோம். இதற்கு டிராப் 6 மி.மீ. உள்ள நடுத்தர ஷூ. அடி எண்ணிக்கையை 162-லிருந்து மெல்ல 172-க்குக் கொண்டுவந்தோம். போனில் டிக் டிக் என்று தாளம் போடும் ஆப் ஒன்றை வைத்துக்கொண்டு ஓடினார். குதிகால் தரையைத் தொடுகிறதா என்று வாரம் ஒரு வீடியோ.

மெல்லிய ஷூவைத் தூக்கிப் போடவா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். நடைக்கும் பாதப் பயிற்சிக்கும் அதைவிட நல்லது இல்லை. நான்காம் மாதத்திலிருந்து பள்ளி மைதான மண்ணில் வாரம் ஒரு முறை ஒரு கி.மீ. மட்டும் அதில் ஓடினார். இப்போது அது மூன்று கி.மீ. ஆகியிருக்கிறது, நீண்ட ஓட்டமும் கான்கிரீட்டும் 6 மி.மீ. ஷூவில்தான்.

முறிவிலிருந்து எட்டு மாதம் ஆகிறது. வாரம் 32 கி.மீ. ஓடுகிறார். பாதத்தில் வலி இல்லை. வலது முட்டி நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் எப்போதாவது லேசாகப் பிடிக்கிறது, படி இறங்கினால் தெரியாத அளவுக்கு. சுவர்ச் சோதனையில் வலது கால் 9 செ.மீ-க்கு வந்திருக்கிறது. வைட்டமின் டி கடைசியாகப் பார்த்தபோது 31. மாத்திரை முடிந்துவிட்டது, நைட் ஷிஃப்ட் மட்டும் மாறவில்லை. அதனால் மழைக்காலத்துக்கு முன் இன்னொரு முறை ரத்தம் கொடுக்கச் சொல்லியிருக்கிறோம். அடுத்த ஜனவரிக்குப் பெயர் கொடுத்துவிட்டார். இந்த முறை 10 கி.மீ.